கடுக்காய்: கொட்டையோடு இடிப்பதில் தொடங்கும் தவறுகள்

கடுக்காயில் பெரும்பாலான தவறு வாங்கும்போதே நடந்துவிடுகிறது. நாட்டு மருந்துக் கடையில் பொடியாகவே வாங்கினால், கொட்டையையும் சேர்த்து அரைத்தார்களா என்று கண்டுபிடிக்க வழியில்லை. "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்பது சித்த மருத்துவத்தின் பாலபாடம். சுக்குக்கு மேல்தோலைச் சீவ வேண்டும். கடுக்காய்க்கு உள்ளிருக்கும் கொட்டையை நீக்க வேண்டும். நஞ்சு என்பதை உயிர்போக்கும் விஷம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், மருந்தில் சேரக் கூடாத பாகம் என்று பொருள். நமக்கு வேண்டிய துவர்ப்பெல்லாம் சதையில்தான் இருக்கிறது.

ஆகவே முழுக் காயாக வாங்குங்கள். கையில் கனமாக, மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில், வரிவரியாக இருக்க வேண்டும். தண்ணீரில் போட்டால் நல்ல காய் மூழ்கும். மிதப்பதையும் பூச்சி துளைத்ததையும் ஒதுக்கிவிடுங்கள். அரிசி கழுவிய நீரில் சில மணி நேரம் ஊறவைத்து, தட்டிக் கொட்டையை எடுத்துவிட்டு, சதையை வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். இங்கே அவசரப்படுகிறவர்கள் பலர். உள்ளே ஈரம் நின்றால் பொடி கட்டிபிடித்துப் பூசணம் பூக்கும். ஒடித்தால் படக்கென்று ஒடியும் பதம் வந்த பிறகுதான் இடிக்க வேண்டும். இடித்ததைத் துணியில் சலித்து, அதாவது வஸ்திரகாயம் செய்து, கண்ணாடிப் புட்டியில் வையுங்கள்.

அடுத்த தவறு அளவு. மலச்சிக்கலுக்கு இரவு படுக்கும் முன் அரை டீஸ்பூன் பொடியை வெந்நீரில் கலந்து குடித்தாலே போதும். முதல் நாள் பலன் தெரியவில்லை என்று மறுநாள் இரண்டு ஸ்பூன் போட்டால் வயிறு முறுக்கும், பேதியாகும். "காலை இஞ்சி, கடும்பகல் சுக்கு, மாலை கடுக்காய்" என்ற பாட்டைச் சொல்லி வருடக்கணக்கில் தினமும் சாப்பிடுகிறார்கள். அந்தப் பாட்டே ஒரு மண்டலம் என்றுதான் கணக்கு வைக்கிறது, அதாவது 48 நாள்.

பக்குவம் மாறினால் குணமும் மாறும் என்பதை மறப்பதும் தவறுதான். ஆயுர்வேத மரபில் இதற்குத் தெளிவான வகுப்பு உண்டு: மென்று தின்றால் பசியைத் தூண்டும், அரைத்துச் சாப்பிட்டால் மலத்தை இளக்கும், அவித்துச் சாப்பிட்டால் மலத்தைக் கட்டும். வயிற்றுப்போக்குக்குக் கடுக்காய் நல்லது என்று கேள்விப்பட்டு, மலத்தை இளக்கக் கொடுக்கிற அதே அவிக்காத பொடியை அள்ளிப் போட்டால் போக்கு நிற்காது, கூடும்.

கஷாயத்தை இரும்புச் சட்டியில் காய்ச்சக் கூடாது. துவர்ப்பைத் தரும் டானின் இரும்போடு சேர்ந்து கன்னங்கரேலென்று ஆகிவிடும். மண்சட்டியோ எவர்சில்வரோ நல்லது. (தலைமுடிச் சாயத்துக்கு இரும்புச் சட்டி வேண்டும் என்பதும், கலம்காரித் துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் நனைத்த பிறகு இரும்பை ஊறவைத்துப் புளித்த காடியால் கறுப்புக் கோடு போடுவதும் இதே வினையால்தான்.) வயிற்றுக்குள்ளும் அது நடக்கும். இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை போடுகிறவர்கள் கடுக்காயை அதோடு சேர்த்தோ சாப்பிட்ட உடனேயோ எடுத்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. இரண்டு மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

வாய்ப்புண்ணுக்கும் ஈறு வீக்கத்துக்கும் ஒரு டீஸ்பூன் பொடியை இரண்டு டம்ளர் நீரில் போட்டு ஒரு டம்ளராக வற்றவைத்து, வடிகட்டி, ஆறியபின் கொப்பளிக்கலாம். பல்பொடியாக்குவதானால் வஸ்திரகாயம் கட்டாயம். நறநறவென்ற பொடியைப் போட்டு அழுத்தித் தேய்த்தால் பல் எனாமல் தேயும்.

கர்ப்பிணிகள், பட்டினி விரதம் இருப்பவர்கள், நோயால் மெலிந்தவர்கள், உடம்பில் நீர் வற்றியவர்கள் ஆகியோருக்குக் கடுக்காய் கொடுக்கக் கூடாது என்பது பழைய வைத்திய விதி. அதை மீற ஒரு காரணமும் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும், சர்க்கரை அளவு மேலும் இறங்க வாய்ப்புண்டு. மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, மலச்சிக்கலோடு வயிறு உப்பி வாந்தி வந்தாலோ பொடியைத் தொடாதீர்கள். குடலில் அடைப்பு இருக்கும்போது பேதி மருந்து கொடுப்பது ஆபத்து, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.