தட்டட்டியில் சோலார்: எத்தனை கிலோவாட் போதும்?

முதலில் ஈபி கணக்கை எடுங்கள். தட்டட்டியை (மொட்டை மாடியை) அப்புறம் அளக்கலாம். கடைசி ஆறு கணக்கீடுகளைக் கூட்டி ஆறால் வகுத்தால், இரண்டு மாதச் சராசரி வரும். அது 700 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 1 கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240. 2 கிலோவாட் போட்டால் 480 கழிந்து 220 நிற்கும். அதில் முதல் 100 எப்படியும் இலவசம், அடுத்த நூறு மலிவு. கையைக் கடிக்கிற 500க்கு மேற்பட்ட அடுக்கு ஒழிந்துவிட்டது.

‘பில்லே வராது’ என்று 3 கிலோவாட்டை விற்கப் பார்ப்பார்கள். அந்த மூன்றாவது கிலோவாட் பெரும்பாலும் இலவச, மலிவு யூனிட்டைத்தான் மிச்சப்படுத்தும். பிரதமரின் சூரிய வீடு திட்ட மானியமும் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஏசியோ மின் ஸ்கூட்டரோ வாங்கப்போகிறவர்கள் மட்டும் மூன்றை யோசிக்கலாம். உள்நாட்டு செல் கொண்ட பேனலுக்கே மானியம் என்பதால் ‘டிசிஆர்’ என்று விலைப்பட்டியலில் எழுதி வாங்குங்கள்.

கிலோவாட்டுக்கு 100 சதுர அடி வேண்டும். தெற்கு பார்த்து 10 டிகிரி சாய்வு போதும். அதைவிடப் படுக்கவைத்தால் புழுதி தங்கும். சித்திரை முதல் ஆவணி வரை நம் நெல்லைப் பக்கம் உச்சிச்சூரியன் வடக்கே நிற்கும். எனவே தண்ணீர்த் தொட்டி, தென்னை நிழலை இருபக்கமும் காலை 9க்கும் மாலை 3க்கும் பாருங்கள். பேனல்கள் தொடராக இணைவதால் ஒரு மட்டையின் நிழல்கூட விளைச்சலைக் குறைக்கும்.

இங்கே பெரிய எதிரி காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்று பணகுடி, ராதாபுரம் பக்கம் ஸ்டாண்டையே பெயர்த்துவிடும். வத்தல் காயப்போட இடம் வேண்டுமென்று எட்டடி உயர்த்தினால் குறுக்குச் சட்டம் கட்டாயம். தளத்தைத் துளைத்தால் ஒழுகும். கான்கிரீட் கட்டைகளில் கால்களைப் பதியுங்கள். அதிர்வில் கழலாத நைலாக் நட்டு போட்டு, வைகாசியிலேயே ஒருமுறை முறுக்கிவிடுங்கள். உவரி, கூடங்குளம் போன்ற கடலோரத்தில் வெல்டிங் முடித்த பிறகு உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த சட்டமும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் வேண்டும். முக்கியெடுத்த பின் வெல்டிங் வைத்தால் துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

கரண்ட் போனால் பேட்டரி இல்லாத சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவரைக் காக்கும் ஏற்பாடு அது. உப்புப் போர்த்தண்ணீரில் கழுவினால் கண்ணாடியில் வெள்ளை படியும். நல்ல தண்ணீரில், வெயில் ஏறுமுன் துடையுங்கள்.