ஸ்பெயினின் தொழிற்சங்கத் தலைவர் சால்வதோர் செகீயின் கதையை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

பிறந்த ஊரிலிருந்து தொடங்காதீர்கள், சலித்துவிடும். நேராக 1919 பிப்ரவரி பார்சிலோனாவுக்குப் போங்கள். 'லா கனடியென்சே' என்று எல்லோரும் சொல்லும் மின்சாரக் கம்பெனியில் அலுவலக ஊழியர்கள் எட்டுப் பேரை வேலையைவிட்டு அனுப்பியதில் ஆரம்பித்த சண்டை, நகரத்தையே இருட்டில் தள்ளி, டிராம்களை நிறுத்தி, 44 நாள் நீண்டது. அச்சுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்கு எதிரான அறிவிப்புகளை அச்சடிக்கவே மறுத்தார்கள். இந்த இடத்தை மெதுவாகப் படியுங்கள்.

அப்புறம் லாஸ் அரேனாஸ் காளைச்சண்டை அரங்கம். கொதித்துக்கொண்டிருந்த பெருங்கூட்டத்தின் முன் நின்று, வேலைக்குத் திரும்புவோம் என்று பேசிச் சம்மதிக்க வைத்தார், பெயின்டர் வேலை பார்த்த செகீ என்ற இந்த அனார்கிஸ்ட், அதாவது அரசதிகாரமே வேண்டாம் என்ற கொள்கைக்காரர். என்னைக் கேட்டால், துப்பாக்கி தூக்கியவர்களின் துணிச்சலைவிட இது பெரிது. ஏப்ரலில் எட்டு மணி நேர வேலைக்கு அரசாணை வந்தது.

செகீ இருந்த சி.என்.டி. என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பின் உள்சண்டைகளை இப்போதைக்கு மேலோட்டமாகப் பார்த்தால் போதும். ஆனால் முதலாளிகளின் கூலிப்படை பற்றித் தெரிந்துகொள்ளாமல் 1923 மார்ச் 10-க்குப் போகாதீர்கள். அன்றுதான் ராவல் பகுதியின் கதேனா தெருவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பழைய வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தெருவே இப்போது இல்லை, ராவல் ரம்ப்லா என்ற அகன்ற சாலைக்காக இடித்துவிட்டார்கள்.