கிட்டார் பிக்கும் அது வந்த கடையும்

கிட்டார் பிக், அதாவது கம்பியை மீட்டுகிற சின்ன வில்லை, சேர்க்க ஆசைப்படுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது: வாங்கிய அன்றைக்கே, தூங்கப்போவதற்கு முன், அந்தக் கடையைப் பற்றி ஒரு கார்டில் எழுதி வைத்துவிடுங்கள். பிக்கைப் பார்த்தால் கம்பெனி பெயர் தெரியும், தடிமன் தெரியும். எந்த ஊரில் வாங்கினோம், கூட யார் வந்தார்கள், அன்று எந்தக் கிட்டாரை மடியில் வைத்துப் பார்த்தோம் என்பதெல்லாம் அதில் இருக்காது. எழுதாமல் விட்டால் சில வருஷத்தில் கையில் மிஞ்சுவது கலர் கலராகக் கொஞ்சம் பிளாஸ்டிக்தான்.

நான் குன்னூர்க்காரி. சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன், சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லியும் தருகிறேன். நான் பழகிய காலத்தில் ஒரு கம்பி அறுந்தால்கூட மலை இறங்கிக் கோயம்புத்தூர் போகவேண்டும். அதனால் கடைக்குப் போவதே எங்களுக்கு ஒரு விசேஷம். என் சேகரிப்பில் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன்: நானோ எனக்குத் தெரிந்தவரோ நேரில் போய் நின்ற கடையிலிருந்து வந்த பிக் மட்டும்தான் ஆல்பத்துக்குள் போகும். ஆன்லைனில் டஜனாக வருவதை வாசிக்க வைத்துக்கொள்கிறேன்.

கார்டில் என்ன எழுதுவது? தேதியும் விலையும் போதாது. என்னிடம் இருக்கும் ஒன்றை அப்படியே தருகிறேன்: "கோயம்புத்தூர், டவுன்ஹால் பக்கம். மாடிக்கடை. ஆர்மோனியம், தபேலா முன்னால். கிட்டாரெல்லாம் உள்சுவரில், பாலிதீன் உறை கழற்றாமல். பிக் பிஸ்கட் டின்னில். பெரியவர் டின்னையே கவுண்டரில் கொட்டி, 'எடுத்து வாசிச்சுப் பாரு கண்ணு' என்றார். கிவ்சன் கிட்டார், கம்பி ரொம்ப உயரம், விரல் வலித்தது. அப்பா வாசலிலேயே நின்று மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார்." இவ்வளவுதான். வாசித்தால் அந்த டின் கொட்டிய சத்தம் வரை எனக்கு வந்துவிடுகிறது. பொருள் எங்கே வைக்கப்பட்டிருந்தது, யார் என்ன சொன்னார்கள், உடம்புக்கு என்ன தெரிந்தது. இந்த மூன்றையும் எழுதினால் போதும். 'அருமையான கடை' என்று எழுதாதீர்கள், அது பிற்பாடு ஒன்றுக்கும் உதவாது.

பில்லையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இப்போதைய பில்லெல்லாம் வெப்பத்தாளில் அச்சாவது, எழுத்து தானாக மங்கிவிடும். கடையின் பெயர், தெரு, தேதியைக் கார்டின் பின்பக்கம் பென்சிலில் எழுதிவிடுங்கள்.

கடையில் எதை எடுப்பது? ஒரே மாதிரி இரண்டு வாங்குங்கள். ஒன்று வாசிக்க, ஒன்று வைக்க. மேலே அச்சடித்த எழுத்து விரல் பட்டுப் பட்டு அழிந்துவிடும். நைலான் பிக்கில் புடைப்பாக வார்த்த எழுத்து நெடுநாள் நிற்கும். டன்லப் கம்பெனியின் டார்டெக்ஸ் என்ற பிக் 1981 முதல் வருகிறது. அதில் நிறமே தடிமனைச் சொல்லிவிடும்: சிவப்பு 0.50 மி.மீ., ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.0, ஊதா 1.14. புதிதாகச் சேர்க்கிறவர்கள் இந்த ஆறையும் ஆறு கடையில் வாங்கிச் சேர்க்கலாம். நல்ல தொடக்கம்.

வாசித்துத் தேய்ந்ததைத் தூக்கிப் போடாதீர்கள். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நுனி மழுங்கி, ஒரு ஓரம் மட்டும் சாய்வாகச் சீவினதுபோல இருக்கும். கம்பியில் பிக் நேராகப் படாமல் கோணலாகப் படுவதால் வருகிற தேய்மானம் அது. ஆளுக்கு ஆள் மாறும். என் மாணவர்களின் பிக்கைக் கையில் வாங்கினாலே மணிக்கட்டை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். தேய்ந்த பிக்குக்கும் கார்டு உண்டு: யார் வாசித்தது, எந்தக் கிறிஸ்துமஸ்.

பழைய பிக் கிடைத்தால் அது செல்லுலாய்டு என்கிற பழைய வகைப் பிளாஸ்டிக்கா என்று பார்க்கவேண்டும். நியூயார்க்கில் லூயிஜி டி'ஆந்த்ரேயா 1922இல் செல்லுலாய்டில் பிக் வெட்டத் தொடங்கினார். இன்று நாம் சாதாரணமாகப் பிடிக்கும் உருண்ட முக்கோண வடிவத்துக்கு 351 என்ற எண்ணும் அவர் கம்பெனியின் வரிசையிலிருந்து வந்ததுதான். செல்லுலாய்டில் கற்பூரம் சேர்ந்திருக்கிறது. பருத்தித் துணியில் வேகமாகத் தேய்த்து உடனே முகர்ந்தால் லேசாகக் கற்பூர வாடை வரும். கொளுத்திப் பார்க்கவே கூடாது, குபீரென்று பற்றிக்கொள்ளும். ஆமையோட்டுப் புள்ளி போட்டதெல்லாம் பெரும்பாலும் செல்லுலாய்டுதான். நிஜ ஆமையோடு என்று யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது அழுங்காமையின் ஓடு. வாங்குவதும் விற்பதும் குற்றம்.

மலையில் இருப்பவர்களுக்கு பெரிய தலைவலி ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரில் அடைமழை பிடித்தால் செருப்பு, பெல்ட் எல்லாம் பூஞ்சணம் பூத்துவிடும். துணி பீரோவுக்குள் பல்பு எரியவிடும் பழக்கம் இங்கே பல வீடுகளில் உண்டு. அந்த பீரோவில் பிக் ஆல்பத்தை வைக்காதீர்கள், முக்கியமாக செல்லுலாய்டை. அதற்குச் சூடும் ஆகாது, காற்றுப் புகாத டப்பாவும் ஆகாது. நான் ஒவ்வொன்றையும் சின்னக் காகித உறையில் போட்டு, அட்டைப்பெட்டியில், உள்சுவர்ப் பக்கத்து அலமாரியில் வைக்கிறேன். மற்ற பிக்குகளுக்கு நாணய ஆல்பம் சரிப்படும், ஆனால் பி.வி.சி. தாள் நாளானால் பிசுபிசுக்கும், பாலிப்ரொப்பிலீன் தாளாகக் கேட்டு வாங்குங்கள். உலோகப் பிக் இருந்தால் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று கூடவே இருக்கட்டும். அழுக்கானால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் போதும். நகப்பூச்சு அழிக்கும் திரவம் படவே கூடாது, செல்லுலாய்டு கரைந்துவிடும்.

அப்புறம், வெளியூர் போகிறவர்களிடம் வாங்கி வரச் சொல்வது. என் தம்பி சென்னை போனபோது அண்ணா சாலையில் மியூசி மியூசிகலிலிருந்து எனக்கு ஒரு மஞ்சள் டார்டெக்ஸ் வாங்கி வந்தான். 1842இல் தொடங்கிய கடை அது. நான் இன்னும் உள்ளே போனதில்லை. ஆனாலும் கார்டு நிறைந்திருக்கிறது. அவன் வந்து இறங்கிய அன்று ராத்திரியே உட்காரவைத்து, வாசலில் என்ன பார்த்தாய், எந்தப் பக்கம் கிட்டார் இருந்தது, யார் வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். "எல்லாம் நல்லா இருந்துச்சுக்கா" என்பதோடு விட்டுவிடாதீர்கள். கேள்வியைச் சின்னச் சின்னதாகக் கேளுங்கள், ஊர் திரும்பிய ஒரு வாரத்துக்குள் கேளுங்கள்.