எம்.சி.பி. விழுந்தால் எம்.சி.பி.யை மாற்றலாமா?

கெய்சர் போட்டதும் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறதா, 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் போட்டுவிடுங்கள் என்று யோசனை சொல்ல எல்லாத் தெருவிலும் ஒருவர் இருப்பார். மாற்றினால் விழுவது நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் எம்.சி.பி. காப்பது கெய்சரை அன்று, சுவருக்குள் ஓடும் ஒயரை. ஒயரில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், ஓட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். 16 ஆம்பியருக்கென்று இழுத்த ஒயரின் மேலுறை அதைத் தாங்காது. மேலும், 2000 வாட் கெய்சர் 230 வோல்ட்டில் இழுப்பது ஏறத்தாழ 8.7 ஆம்பியர்தான். அதற்கே 16 ஆம்பியர் எம்.சி.பி. விழுகிறதென்றால், தேட வேண்டியது பழுதை: அதே ஒயரில் வேறொரு கருவி இருக்கலாம், ஹீட்டர் காயிலில் நீர் புகுந்திருக்கலாம், எம்.சி.பி.யின் திருகே தளர்ந்து சூடேறியிருக்கலாம்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நான்கு துளைகள் இருப்பதால் நான்கு கருவிகளைச் செருகலாம் என்பதும் இதே வகைத் தவறுதான். வீட்டுக் கருவிகள் பக்க இணைப்பில் இருப்பதால், ஒவ்வொன்றைச் சேர்க்கும்போதும் மொத்த மின்தடை குறைந்து மின்னோட்டம் கூடுகிறது. 6 ஆம்பியர் பாக்ஸ் தாங்குவது 1380 வாட். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியும் 1500 வாட் கெட்டிலும் சேர்ந்தால் ஏறக்குறைய 11 ஆம்பியர் ஆகிவிடும்.

தளர்ந்த இணைப்பைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. எங்கள் வீட்டில் நானும் அப்படித்தான் இருந்தேன். கெய்சர் பிளக்கை ஒருநாள் பிடுங்கியபோது, பித்தளைப் பின்களில் ஒன்று மட்டும் கறுத்து, அது நுழையும் துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி லேசாக வழிந்திருந்தது. கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். அந்த இடத்தில் வெறும் அரை ஓம் தடை இருந்தால்கூட, 8.7 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 38 வாட் வெப்பம் அங்கேயே எழும். ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயம் உருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்னைவிட இது அதிகம். ஓட்டம் கூடாததால் எம்.சி.பி.க்கு இது தெரியவே தெரியாது.

எர்த் இல்லாத வீட்டில் சாக்கெட்டின் எர்த் முனையை நியூட்ரலோடு (மின்சாரம் திரும்பிச் செல்லும் ஒயரோடு) இணைத்துவிடுவது இவை எல்லாவற்றிலும் கொடியது. வரும் வழியில் நியூட்ரல் எங்காவது அறுந்தால், பேஸ் ஒயரில் வரும் மின்சாரம் கருவிக்குள் புகுந்து அந்த இணைப்பின் வழியே திரும்பி, கிரைண்டரின் இரும்பு உடலில் 230 வோல்ட்டாக நிற்கும். முறையான எர்த் இருந்தாலும், மண் காய்ந்து அதன் தடை 20 ஓம் ஆகிவிட்டால், பேஸ் கருவியின் இரும்பு உடலில் தொடும்போது ஓடுவது சுமார் 11.5 ஆம்பியரே; 16 ஆம்பியர் எம்.சி.பி. பேசாமல் இருக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் காப்புச் சுவிட்ச் தேவைப்படுவது இதனால்தான்.

ஆனால் ஆர்.சி.சி.பி. இருக்கும் தைரியத்தில் மெயினை அணைக்காமல் ஒயரில் கை வைக்கலாகாது. போகும் ஓட்டத்துக்கும் திரும்பும் ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே அது பார்க்கிறது. மர ஸ்டூலில் நின்றுகொண்டு ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் தொடுபவரின் உடல் அதற்கு இன்னொரு பல்பு போலத்தான். போனது முழுவதும் திரும்பி வருவதால் அது துண்டிக்காது.