லொறி ஸ்பிரிங் பட்டையில் கவ்வாத்துக் கத்தி: இரும்பைத் தெரிவதிலிருந்து தோய்ச்சல் வரை

தேயிலைச் செடியைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர்களுக்குத் தெரியும், கத்தி சரியில்லாத நாளில் மணிக்கட்டு என்ன பாடுபடும் என்று. கடையில் வாங்கும்போது பளபளவென்று இருக்கும், இரண்டு நாள் வெட்டியதும் வாய் மடங்கிவிடும், இல்லையென்றால் முற்றின வாதில், அதாவது கிளையில், பட்டதும் வாய் பல் பல்லாக உதிரும். வெட்டு சுத்தமாக விழாமல் வாது பிளந்துபோனால் அந்தப் பிளவு வழியாகத் தண்ணீர் இறங்கி மரம் அழுகும், அதனால் நட்டம் கைக்கு மட்டுமில்லை, தேயிலைக்கும்தான். வாய் மடங்குவதற்கும் உதிர்வதற்கும் காரணம் இரண்டே இரண்டு. ஒன்று, இரும்பு தப்பு. மற்றது, தோய்ச்சல், அதாவது காய்ச்சிய இரும்பைச் சட்டென்று ஆறவைத்து இறுக்கும் முறை, தப்பு. என் மாமா தோட்டத்துப் பட்டறையில் வேலை செய்தவர், அவரிடம் நான் கற்றதையும் பிறகு நானே செய்து பார்த்துப் புரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இரும்பு. நாம் எல்லாவற்றையும் இரும்பு என்றுதான் சொல்கிறோம், ஆனால் கத்திக்கு ஆகுமா ஆகாதா என்பதை முடிவு செய்வது அதற்குள் இருக்கும் காபன். கேட், கிரில், ஜன்னல் கம்பி எல்லாம் மெல்லுருக்கு, அதில் காபன் 0.25 சதவீதத்துக்கும் குறைவு, அதை எவ்வளவு பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் அமுக்கினாலும் கத்திக்கு வேண்டிய அளவுக்கு இறுகாது. பழைய தையல் மெஷின் உடம்பு, ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பழைய மெஷின்களின் பெரிய சட்டங்கள் எல்லாம் வார்ப்பிரும்பு, அதில் 2 முதல் 4 சதவீதம் வரை காபன், சம்மட்டியால் அடித்தால் வளையாது, உடையும். கத்திக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் உருக்கு. வாகன ஸ்பிரிங் பட்டையில் 0.5 முதல் 0.6 சதவீதம் அளவுக்குக் காபன் இருக்கிறது, கூடவே வகையைப் பொறுத்து குரோமியமோ சிலிக்கனோ சேர்த்திருப்பார்கள், அதனால் எண்ணெயிலேயே நன்றாக இறுகும். தேய்ந்த அரத்தில் காபன் 1 சதவீதத்துக்கும் மேல், வாய் அருமையாக நிற்கும், ஆனால் கவ்வாத்து என்பது ஓங்கி வெட்டுகிற வேலை, அதற்கு அரம் கொஞ்சம் நொறுங்கும் குணமுள்ளது. சமையல் கத்திக்கு அரம், கவ்வாத்துக்கு ஸ்பிரிங் பட்டை, இதுதான் என் முடிவு.

பழைய இரும்புக் கடைக்குப் போகும்போது ஒரு காந்தத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பித்தளை, செம்பு, அலுமினியம், ஈயம் எதுவும் ஒட்டாது. பாத்திரக்கடை சில்வரில் நல்ல வகையும் ஒட்டாது அல்லது லேசாகத்தான் ஒட்டும், அதில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருப்பதால் அதன் அமைப்பே வேறு, துருப்பிடிக்காது என்பதற்காக அதைக் கத்திக்கு எடுத்துவிடாதீர்கள், நாம் செய்கிற தோய்ச்சல் அதில் ஏறாது. காந்தம் ஒட்டினால் அடுத்தது பொறி. கிரைண்டரில் ஓரத்தை லேசாகத் தொட்டு, கொஞ்சம் இருட்டான இடத்தில் பொறியைப் பாருங்கள். மெல்லுருக்கு என்றால் நீளமான மஞ்சள் கோடுகள், நுனியில் ஒன்றிரண்டு கிளை மட்டும். காபன் ஏற ஏற ஒவ்வொரு கோடும் நுனியில் பூவாணம் போல வெடித்துச் சிதறும். அரத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டால் அந்தச் சிதறல் மறக்காது. வார்ப்பிரும்பின் பொறி குட்டையாக, செம்மங்கலாக இருக்கும். கொங்கிரீட் கம்பி ஒன்று, ஸ்பிரிங் பட்டை ஒன்று, பழைய அரம் ஒன்று, இந்த மூன்றையும் வீட்டில் வைத்துக்கொண்டு, சந்தேகமான துண்டு வரும்போதெல்லாம் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு மாதத்தில் கண் பழகிவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். நம் லயத்துக் கூரைத் தகரம், தண்ணீர்க் குழாய் எல்லாம் இரும்பின்மேல் நாகம், அதாவது துத்தநாகம், பூசினது. நாகம் 420 பாகை செல்சியசிலேயே உருகிவிடும், 907 பாகையில் கொதித்து ஆவியாகும், உலையில் வைத்தால் வெள்ளைப் புகை கிளம்பும், அதைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரும். நாகம் பூசினது எதுவும் உலைக்குள் போகக்கூடாது.

சரி, பட்டை. பெரிய லொறியின் பட்டை 10 மில்லிமீட்டருக்கும் மேல் தடிப்பாக இருக்கும், கையால் அடித்து மெலிய வைக்கத் தோள் போய்விடும். வேன், சின்ன லொறிப் பட்டை 6 மில்லிமீட்டர் அளவில் கிடைத்தால் அதை எடுங்கள். பட்டை பல வருடம் மேலும் கீழும் வளைந்து வேலை செய்த இரும்பு, அதனால் உள்ளே மயிரிழை வெடிப்பு இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. துருவை நன்றாகத் தேய்த்துவிட்டு மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவிடுங்கள், காலையில் எடுத்துத் துணியால் சுத்தமாகத் துடைத்துக் காயவைத்து, மேலே சோக்கட்டியைப் பூசுங்கள். வெடிப்பு இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் மெல்ல வெளியே வந்து சோக்கின்மேல் கறுத்த கோடாகத் தெரியும். அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட வேண்டியதுதான். இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் இரண்டு நாள் பாடுபட்டுச் செய்த கத்தி ஒன்று, தோய்ச்சலில் நடுவில் பிளந்துவிட்டது. உடைந்த முகத்தில் பாதி ஏற்கெனவே துருவேறி இருந்தது, அதாவது வெடிப்பு பழையது, நான்தான் பார்க்கவில்லை.

பட்டை அப்படியே அறுபடாது. சிவக்கக் காய்ச்சி, காய்ந்த சாம்பலுக்குள் புதைத்து, ஒரு ராத்திரி முழுக்க மெல்ல ஆறவிட்டால் ஹெக்சோ பிளேட்டுக்கும் அரத்துக்கும் வழிவிடும். அதற்குப் பிறகு வேண்டிய அகலத்துக்கு அறுத்து, உலையில் வைத்து, நுனி வளைவையும் பிடிக்குள் போகிற வாலையும் அடித்து எடுங்கள். உங்கள் தோட்டத்தில் கை பழகிய கத்தி எந்த வளைவோ அந்த வளைவு, புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம், நன்றாக வெட்டுகிறவர் ஒருவரின் கத்தியை அட்டையில் வரைந்து வாங்கிக்கொள்ளுங்கள். அடிக்கும்போது இரும்பு செம்மஞ்சளாக இருக்க வேண்டும், சிவப்பு மங்கினதும் நிறுத்திவிட்டுத் திரும்ப உலையில் வையுங்கள். மங்கின பிறகு அடிக்கிற ஒவ்வொரு அடியும் உள்ளே ஒரு வெடிப்புக்கு விதை. அதேபோல் வெள்ளையாகப் பொறி பறக்கும்வரை காய்ச்சினால் காபன் எரிந்து இரும்பே பாழாகும். வாய்ப் பக்கத்தை இப்போதே கூராக்கிவிடாதீர்கள், ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்பு இருக்கட்டும், மெல்லிய வாய் தோய்ச்சலில் கோணும்.

உலைக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒரு பழைய லொறி ரிம், உள்ளே களிமண் பூச்சு, அடியில் ஒரு இரும்புக் குழாய், கையால் சுற்றுகிற ப்ளோயர். நாகம் பூசாத குழாயாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சிரட்டைக்கரி நல்ல சூடு தரும், பிடுங்கிப்போட்ட தேயிலை மரத்துக் கட்டையைக் கரியாக்கினாலும் நன்றாக நின்று எரியும். எல்லாம் காற்றில்தான் இருக்கிறது.

காற்று என்றதும் ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. நம் மலைகளின் தெற்குச் சரிவில், பலாங்கொடைக்கு அந்தப் பக்கம் சமனலவெவ நீர்த்தேக்கம் இருக்கிறதே, அது நிரம்புவதற்கு முன் அந்தப் பகுதியைத் தோண்டி ஆராய்ந்தார்கள். ஜில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் அங்கே மலை விளிம்புகளில், மேற்குப் பார்த்து வரிசையாகக் கட்டிய பழைய இரும்பு உலைகளைக் கண்டார். துருத்தியே இல்லாமல், தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தை மட்டும் நம்பி அந்த உலைகள் எரிந்திருக்கின்றன. முடியுமா என்று சந்தேகித்தவர்களுக்காக 1994இல் அதேபோல் உலை கட்டி, காற்றுக் காலத்தில் எரித்து, காபன் அதிகமுள்ள உருக்கையே எடுத்துக் காட்டி, 1996இல் நேச்சர் இதழில் எழுதினார். காற்று உலையின் முன்சுவருக்கு மேலே ஏறிப் பாயும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது, அதனால் அடியிலிருக்கும் மண்குழாய்கள் வழியாகக் காற்று தானாக உள்ளே இழுபடுகிறது. 7ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை இந்தத் தொழில் அங்கே செழித்திருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி, வாள்களைப் பற்றி எழுதும்போது சரந்தீபின் உருக்கையும் சேர்த்தே சொல்கிறார், சரந்தீப் என்றால் நம் இலங்கைதான். ஆனி ஆடியில் கூரைத் தகரத்தைப் பிய்த்துப்போகிற அதே காற்று, ஒரு காலத்தில் உலகத்துக்கு உருக்கு கொடுத்தது என்று நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கிறது.

இனித் தோய்ச்சல். இதில்தான் கத்தி கத்தியாகிறது, அதனால் அவசரப்படாதீர்கள். அடித்து முடித்த கத்தியை மூன்று முறை சிவக்கக் காய்ச்சி, ஒவ்வொரு முறையும் காற்றிலேயே, நிறம் போகும்வரை ஆறவிடுங்கள். சம்மட்டி அடியில் கலைந்துபோன, இரும்புக்குள் இருக்கும் நுண்ணிய மணிகள் இதில் சீராகும். பட்டையில் மிஞ்சின துண்டு ஒன்றையும் கூடவே காய்ச்சித் தோய்த்து உடைத்துப் பாருங்கள், உடைந்த முகம் சீனி போல் மினுங்கினால் சூடு அதிகம் போய்விட்டது, சாம்பல் நிறத்தில் பட்டுத்துணி மாதிரி இருந்தால் சரி.

எவ்வளவு சூடு என்பதை நிறத்தை மட்டும் பார்த்துச் சொல்வது கடினம், வெயிலில் நின்றால் இரும்பு உண்மையில் இருப்பதைவிடக் குறைந்த சூடாகத் தெரியும், நாமும் கூடுதலாகக் காய்ச்சிவிடுவோம். மாமா எப்போதும் பனிமூட்டமான நாளில் அல்லது அந்தியில்தான் தோய்ச்சல் போடுவார். அதற்கு மேல் காந்தம் இருக்கிறது. இரும்பு 770 பாகை தாண்டினதும் காந்தத்தில் ஒட்டாது. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, கத்தியை எடுத்து ஒரு நொடி தொட்டுப் பாருங்கள், ஒட்டாமல் போன பிறகு இன்னும் கொஞ்சம், ஒரு சாயல் கூடுதலாகச் சிவக்கும்வரை காய்ச்சி, வாய் முழுக்க ஒரே நிறமாக வந்ததும் எண்ணெய்க்குள் விட வேண்டும். இந்தச் சூட்டில் இரும்பின் அமைப்பு மாறி காபன் அதற்குள் கரைந்து நிற்கிறது, மெல்ல ஆறினால் அது பிரிந்து ஒதுங்கிவிடும், சட்டென்று ஆறினால் ஒதுங்க நேரமில்லாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அந்தச் சிக்கல்தான் நாம் கேட்கிற கடினம்.

தண்ணீரில் போடாதீர்கள், ஸ்பிரிங் பட்டை தண்ணீரில் டிங் என்று ஒரு சத்தத்தோடு வெடிக்கும். தேங்காயெண்ணெய் போதும், நான்கைந்து லீட்டர், ஒரு உயரமான இரும்பு டின்னில். ஆனால் நுவரெலியா, ஹட்டன் பக்கம் காலையில் தேங்காயெண்ணெய் போத்தலிலேயே உறைந்து கிடக்கும், அப்படியே பயன்படுத்தினால் கத்தி இறுகாது. ஒரு இரும்புத் துண்டைக் காய்ச்சி உள்ளே போட்டு, எண்ணெயை 50, 60 பாகைக்குக் கொண்டு வாருங்கள், விரல் வைத்தால் உடனே எடுக்கத் தோன்றும் சூடு. சூடான எண்ணெய் இளகி ஓடுவதால் வேகமாகவும் குளிரவைக்கும். கத்தியை நுனி கீழாக நேராக இறக்கி, முன்னும் பின்னுமாக அசையுங்கள், பக்கவாட்டில் அசைத்தால் கோணும். எண்ணெய் தீப்பிடிக்கலாம், டின்னுக்குப் பொருத்தமான மூடி பக்கத்திலேயே இருக்கட்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது, கூரைக்கு அடியில் செய்யவும் வேண்டாம், பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்துங்கள். ஆறினதும் ஒரு நல்ல அரத்தால் வாயைத் தேய்த்துப் பாருங்கள், அரம் பிடிக்காமல் கண்ணாடிமேல் போவது போல் வழுக்கினால் இறுகிவிட்டது.

இந்த நிலையில் கத்தி கண்ணாடிதான், கீழே விழுந்தாலே உடையும். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்துவிடாதீர்கள், ராத்திரி தானாகவே வெடித்துவிடலாம். கடையில் வாங்கிப் பல் பல்லாக உதிர்ந்ததாகச் சொன்னேனே, அந்தக் கத்திகளில் பலவற்றில் விடுபட்டுப்போன வேலை, இறுகின கத்தியைத் திரும்பக் கொஞ்சம் சூடாக்கிப் பதப்படுத்துகிற இந்த வேலைதான் என்று நினைக்கிறேன். எமரித்தாளால் ஒரு பக்கத்தைப் பளிச்சென்று தேயுங்கள். ஒரு தடித்த இரும்புக் கட்டையை நன்றாகச் சிவக்கக் காய்ச்சி, அதன்மேல் கத்தியின் முதுகை மட்டும் வைத்துப் பொறுமையாகப் பாருங்கள். முதுகிலிருந்து நிறம் ஊர்ந்து வரும், முதலில் வெளிறிய வைக்கோல் நிறம், அது ஏறக்குறைய 220 பாகை, பிறகு அடர்ந்த வைக்கோல் 240, பழுப்பு 260, ஊதா 280, கடைசியில் நீலம் 300. வாயில் அடர்ந்த வைக்கோல் நிறம் வந்து பழுப்புக்குத் திரும்புகிற நேரத்தில் சட்டென்று எடுத்துத் தண்ணீரில் அமுக்குங்கள். அப்போது முதுகு நீலமாகியிருக்கும், அதாவது வளைந்து கொடுக்கும், வாய் நின்று வெட்டும். திரும்பத் தேய்த்து இன்னொரு முறை அதேபோல் செய்யுங்கள். நீலம் வாய் வரை ஓடிவிட்டால் மனம் நோகாமல் தோய்ச்சலை முதலிலிருந்து போடுங்கள், வாய் மடங்குகிற கத்தியை யார் கையிலும் கொடுக்க வேண்டாம்.

வாய் தீட்டும்போது கிரைண்டரில் வைத்து அழுத்தாதீர்கள், ஒரு நொடியில் ஓரம் நீலமாகி, போட்ட தோய்ச்சல் அந்த இடத்தில் போய்விடும். தண்ணீரில் நனைத்து நனைத்து, கடைசியில் சாணைக்கல்லில், இரண்டு பக்கமும் 20 பாகை அளவில் தீட்டுங்கள். பிடிக்குக் காய்ந்த கொய்யாக் கட்டை நல்லது, பிளக்காது, கைக்கும் பதமாக இருக்கும்.

முதல் நாள் வெட்டியதும் வாய் கறுத்துப்போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தேயிலைச் செடியின் சாற்றில் இருக்கும் தனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து அந்தக் கறுப்பைத் தருகிறது. அது துரு இல்லை, சொல்லப்போனால் துருவைக் கொஞ்சம் தள்ளியே வைக்கும். செந்நிறமாக வந்தால்தான் துரு. மழைக் காலத்தில் வேலை முடிந்து வந்ததும் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டி வையுங்கள், ஈரச் சாக்குக்குள் மட்டும் சுருட்டி வைக்காதீர்கள்.