ஆசனப்பதிவில் கோட்டைவிடும் இடங்கள்

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் ஏ.எல். முடித்த பிள்ளைகள், இணையத்தில் ரயில் ஆசனம் பதிந்துகொடுக்கும் கொமியூனிகேஷன் கடைகளைப் புதிதாகத் திறக்கிறார்கள். கணினியில் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் தொடக்கத்தில் நாங்கள் விட்ட பிழைகளையே அவர்களும் விடுகிறார்கள். பெயரில் எழுத்துப்பிழை, திகதி மாறுவது எல்லாம் தானாகப் பழகிவிடும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

அடுத்தவர் தொலைபேசி எண்

இதைக் கண்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஆசனத்துக்கு வங்கி அட்டையால் பணம் கட்டும்போது, வங்கியில் கொடுத்த தொலைபேசி எண்ணுக்குத்தான் ஓடிபி, அதாவது ஒருமுறை மட்டும் பாவிக்கும் இரகசிய இலக்கம், வரும். "அம்மாவுக்கு ஃபோன் பாவிக்கத் தெரியாது" என்று, வங்கிப் படிவத்தில் கட்டாரில் இருக்கும் மகனின் எண்ணையோ கடையின் எண்ணையோ எழுதிவிடுகிறார்கள்.

கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் கிளினிக். ரயிலில் ஒரேயோர் ஆசனம் மிச்சமிருந்தது. அட்டை விபரத்தை அடித்ததும் ஓடிபி மகனுக்குப் போய்விட்டது. அவர் வேலைத்தளத்துக்குள் ஃபோன் கொண்டுபோக விடுவதில்லை. அம்மா வட்ஸ்அப்பில் மகனைத் திரும்பத் திரும்ப அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரையில் நேரம் முடிந்தது. நோயோடு இரவு முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்தே கொழும்புக்குப் போனார்.

எண்ணை மாற்றப் பெரும்பாலும் வங்கிக்கு நேரில்தான் போகவேண்டும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் அதற்கு ஒரு நாள் கூலி போய்விடும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் துறையில் பாதைக்கு, அதாவது வாவியைக் கடக்கும் மிதவைக்கு, காத்திருப்பது ஒழிந்தது. பஸ்ஸுக்குக் காத்திருப்பது ஒழியவில்லை.

கடை எண் இன்னும் மோசம். ரீலோட் போடாமல் விட்டால் எண் துண்டிக்கப்படும். நாளைக்கு அதே எண் முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போனால், ஓடிபியும் அவரிடம்தான் போகும்.

அம்மாவின் பெயரில் சிம் எடுத்து, ஒரு பட்டன் ஃபோனில் போட்டு அவர் கையிலேயே கொடுங்கள். ஓடிபிக்கு ஸ்மார்ட் ஃபோன் தேவையில்லை, இலக்கம் வாசிக்கத் தெரிந்தால் போதும். யாராவது அழைத்துக் கேட்டால் சொல்லக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லிக்கொடுங்கள்.

அடையாள அட்டை

ஆசனத்துக்குப் பதிந்த அடையாள அட்டை எண்ணும் பயணி கொண்டுபோகும் அட்டையின் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும்.

டிக்கெட்டை ஃபோனில் மட்டும் வைப்பது

அச்சடித்துக் கொடுங்கள்.

ரயில் நேரத்தை மட்டும் பார்ப்பது

தண்டவாளம் மட்டக்களப்போடு முடிகிறது. கல்முனை, அக்கரைப்பற்றிலிருந்து வருபவருக்கு நிலையம் வந்துசேர பஸ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வழியில் யானைகள் கடக்கும் காடும் இருக்கிறது. 2025 பெப்ரவரியில் மீனகயா ரயில் ஹபரணைப் பகுதியில் யானைக்கூட்டத்தில் மோதித் தடம்புரண்டது. காலையில் கிளினிக் என்றால் முந்திய இரவு ரயிலை நம்பாமல், ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேரும்படி பதியுங்கள். ஆசனப்பதிவு 30 நாட்களுக்கு முன்பே திறந்துவிடுகிறது.