சாயம் இல்லாமல் நிறம் பிரிக்கும் மென்படல ஃபில்டர்: தொடக்க நிலையினருக்குச் செய்முறை

கேமரா சென்சாருக்கு நிறம் தெரியாது. அதிலுள்ள சிலிக்கான், சுமார் 400 நானோமீட்டர் முதல் 1100 நானோமீட்டர் வரை எந்த அலைநீள ஒளி விழுந்தாலும் மின்னூட்டமாக மாற்றிவிடும். நாற்றங்காலின் பச்சையும் வாய்க்கால் கரைச் செம்பருத்தியின் சிவப்பும் அதற்கு வெறும் வெளிச்சத்தின் கூடுதல் குறைவுதான். நிறத்தைப் பிரித்துக் கொடுப்பது சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர்.

அந்த ஃபில்டரில் ஒரு வகை சாயத்தால் ஆனது. வேண்டாத நிறத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், நான்கு பிக்சலுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்று இந்தச் சாய ஃபில்டர்கள் உட்காரும். இன்றைய கைபேசிகளிலும் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான். மற்றொரு வகை மென்படலம். அதில் சாயமே கிடையாது. நிறமற்ற, தெளிவான பொருள்களை அடுக்கடுக்காகப் படிய வைத்து, தடிமனைக் கொண்டே எந்த நிறம் போகலாம், எது திரும்ப வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ள ஆய்வகம் தேவையில்லை. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ கடைத்தெருவில் கிடைக்கும் பொருள்களே போதும்.

படி 1: படலத்தை உண்டாக்குங்கள்

அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, கறுப்பு சார்ட் தாள் துண்டொன்றை அடியில் முழுவதும் அமிழ்த்துங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஆடிக் காற்றுக் காலமாக இருந்தால் சொட்டு விடும் வரை ஜன்னலையும் சாத்திவிடுங்கள். பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. நிறமற்ற நகப்பூச்சை ஒரே ஒரு சொட்டு, தண்ணீரின் நடுவில் விடுங்கள். விழுந்த உடனே அது விரிந்து தட்டின் ஓரத்தை நோக்கி ஓடும். தாளின் ஒரு முனையைப் பிடித்து மெதுவாகத் தூக்கினால் படலம் அதன்மேல் ஒட்டிக்கொண்டு வரும். ஜன்னலைத் திறந்து காயவிடுங்கள்.

காய்ந்த தாளை வெளிச்சத்தில் பாருங்கள். மயில்கழுத்து, செம்பு நிறம், ஊதா என்று பட்டை பட்டையாகத் தெரியும். சொட்டு விழுந்த இடத்தில் பூச்சு தடிப்பாக இருப்பதால் நிறம் வெளுத்திருக்கும்; மெலிந்த பகுதிகளில்தான் நிறம் அடர்த்தி. ஒரு பச்சைப் பட்டையைத் தேர்ந்தெடுத்து, அதிலேயே கண்ணை வைத்துக்கொண்டு தாளைச் சாய்த்துப் பாருங்கள். பச்சை நீலத்தை நோக்கி நகரும். இதை மனத்தில் வைத்திருங்கள். படி 4க்கு இதுவே அடிப்படை.

படி 2: காரணம்

ஒளியின் ஒரு பங்கு படலத்தின் மேல்பரப்பில் திரும்புகிறது. இன்னொரு பங்கு உள்ளே போய் அடிப்பரப்பில் திரும்புகிறது. இரண்டும் மீண்டும் சேரும்போது அலையின் முகட்டோடு முகடு பொருந்தினால் அந்த நிறம் பளிச்சிடும். முகடும் பள்ளமும் சேர்ந்தால் அடங்கிவிடும்.

படி 3: கணக்குப் போடுங்கள்

மென்படல ஃபில்டரில் ஒரு நிறத்தைத் திருப்பி அனுப்பும் அடுக்கின் தடிமன் = அலைநீளம் ÷ (4 × ஒளிவிலகல் எண்). ஒரு பொருளுக்குள் ஒளி எத்தனை மடங்கு மெதுவாகிறது என்பதே ஒளிவிலகல் எண்.

அடுக்காகப் படிய வைக்கும் சிலிக்கான் டை ஆக்ஸைடின் ஒளிவிலகல் எண் சுமார் 1.46, டைட்டானியம் டை ஆக்ஸைடுக்குச் சுமார் 2.4. பச்சையான 550 நானோமீட்டருக்குக் கணக்கிட்டால் முதலாவது 94, இரண்டாவது 57 நானோமீட்டர். நீலத்துக்கு 450 என்று வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். 77, 47 என்று வர வேண்டும்.

வெறும் கண்ணாடிப் பரப்பு தன்மேல் விழும் ஒளியில் 4 சதவீதத்தைத்தான் திருப்பும். இந்த இரண்டு பொருள்களையும் மாற்றி மாற்றி ஐந்து ஜோடி படிய வைத்தால், குறித்த நிறத்தில் ஏறக்குறைய 98 சதவீதம் திரும்பிவிடும். உறிஞ்சாத இரு தெளிவான பொருள்கள் சேர்ந்து ஒரு நிறத்துக்கு மட்டும் முகம் பார்க்கும் கண்ணாடியாக நிற்பதை, இந்தத் துறையிலேயே மிக அழகான விஷயம் என்பேன்.

ஒரு நிறத்தை மட்டும் உள்ளே விட வேண்டுமானால், இப்படி ஜோடி ஜோடியாகப் படிய வைத்த இரண்டு தொகுதிகளுக்கு நடுவே, சிலிக்கான் டை ஆக்ஸைடு அடுக்கைப் போல இரு மடங்கு தடிமனில் ஒரு இடைவெளிப் படலம் வைக்க வேண்டும். 550க்கு 188 நானோமீட்டர். அந்த இடைப்படலத்தின் தடிமனை மட்டும் பிக்சலுக்குப் பிக்சல் மாற்றினால் வெவ்வேறு நிறங்கள் கிடைக்கும்.

படி 4: சாய்வைக் கவனியுங்கள்

லென்ஸிலிருந்து வரும் ஒளி சென்சாரின் நடுவில் நேராகவும் ஓரத்தில் சாய்வாகவும் விழும். சராசரி ஒளிவிலகல் எண் 1.8 என்று வைத்தால், 30 பாகைச் சாய்வில் 550க்கான ஃபில்டர் 528க்கு நகர்ந்துவிடும். ஓரத்துப் பிக்சல் வேறு பச்சையைப் பார்க்கும். சாய ஃபில்டருக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. கைபேசியில் சாயம் நிலைத்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

படி 5: உண்மையான ஃபில்டரைப் பாருங்கள்

பழைய வெப்கேமரா ஒன்றை, கணினி இணைப்பைக் கழற்றிய பிறகு திறங்கள். லென்ஸைத் திருகி எடுத்தால் அதன் பின்பக்கத்தில் சிறு சதுரக் கண்ணாடி இருக்கும். நேராகப் பார்த்தால் லேசான நீலச்சாயல். சாய்த்து, அதில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பார்த்தால் சிவப்பு. பெரும்பாலும் இது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும் மென்படல ஃபில்டர். கத்தி முனையால் ஓரத்தை நெம்பி எடுங்கள். உடையக்கூடியது, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். லென்ஸை மாட்டி, கணினியோடு மீண்டும் இணைத்து, திரையில் படம் கூர்மையாகும்வரை திருகுங்கள். வெப்கேமராவுக்கு நேரே டிவி ரிமோட்டை அழுத்தினால் அதன் முனை விளக்குப் போல எரிவது திரையில் தெரியும்.

ஸ்டூடியோ வைத்திருப்பவரிடம் கழுவிய கலர் நெகட்டிவின் முழுக்கக் கறுத்த முனையைக் கேட்டு வாங்கி, இரண்டு துண்டுகளை லென்ஸின் முன் ஒட்டுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளி பெரும்பாலும் நின்றுவிடும், அகச்சிவப்பு நுழையும். இப்போது மடிக்கணினியோடு வரப்புக்குப் போங்கள். செழித்த சம்பாப் பயிர் வெண்மையாகவும் வாய்க்கால் தண்ணீர் கறுப்பாகவும் தெரியும். இலையின் பச்சையம் சிவப்பை உறிஞ்சும், இலைத் திசு அகச்சிவப்பைத் திருப்பியடிக்கும், தண்ணீர் அதை விழுங்கிவிடும். பயிர் வாடிய திட்டுகள் மங்கலாக நிற்கும்.

சென்டினல்-2 செயற்கைக்கோள் டெல்டா வயல்களைப் பார்ப்பதும் இதே வழியில்தான்: 665 நானோமீட்டர் சிவப்பு, சுமார் 842 நானோமீட்டர் அகச்சிவப்பு, ஒவ்வொன்றுக்கும் தனி மென்படலப் பட்டை. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், பயிரின் செழிப்பைக் காட்டும் பயிர்க் குறியீடு கிடைக்கும். உங்கள் வெப்கேமரா அந்தத் துல்லியத்தைத் தராது; ஆனால் ஒரே வயலை வாரந்தோறும் ஒப்பிடலாம். அதற்கு, தானியங்கி வெளிச்ச அமைப்பை நிறுத்திவிட்டு, ஒரே நேரத்தில், ஒரே இடத்திலிருந்து, படத்தின் மூலையில் ஒரு வெள்ளைத் தாள் தெரியும்படி எடுங்கள்.